டெல்மர் ஸ்டப்ஸின் கால் கட்டைவிரல்

மேற்கு ஓக்லஹோமாவில் பாஸ்கம் என்ற சிற்றூரில் செங்கல் வைத்துக் கட்டியது எதுவாக இருந்தாலும் அதில் பெரும்பாலும் டெல்மர் ஸ்டப்ஸின் கை பட்டிருக்கும். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், வங்கியின் முகப்பு, ஊரில் பாதி வீடுகளின் புகைபோக்கி. கொத்தனார் வேலையை விட்டு, கரணையைக் கீழே வைத்து ஓய்வெடுக்க ஆரம்பித்த பிறகும், தெருவில் போகும்போது சுவர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் போவார். அடுத்தவர் கட்டிய சுவராக இருந்தால் லேசாக உதட்டைப் பிதுக்குவார்.

அவரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. மாமனார் கொடுத்தது. கல்யாணத்தன்று விருந்து முடிந்ததும் மாமனார் அவரைத் தனியே கூப்பிட்டு, துணியில் சுற்றிய அதைக் கையில் வைத்து, "மொதல்ல இத உன்மேலதான் பயன்படுத்தலாம்னு இருந்தேன், அப்புறம் மனசு மாறிடுச்சு" என்று சொன்னாராம். அன்றிலிருந்து அது படுக்கைக்குப் பக்கத்து இழுப்பறையில், இருமல் மிட்டாய்க்கும் முட்டிவலித் தைலத்துக்கும் நடுவில், தோட்டா நிரப்பிய நிலையிலேயே கிடந்தது. டெல்மர் அதை வைத்துச் சுட்டது வருஷத்துக்கு ஒருமுறை, மைத்துனனின் மேய்ச்சல் நிலத்தில், காலி டப்பாக்களை வேலியில் நிறுத்தி வைத்து. டப்பாக்களுக்குப் பெரிய சேதம் ஒன்றும் வந்ததில்லை.

அந்த வசந்தத்தில் அவர் வீடு இருந்த சாலையில் சில களவுகள் நடந்தன. ஒரு வீட்டுக் கொட்டகையில் மர அறுவை இயந்திரம் போனது. இன்னொரு வீட்டில் ஆள் இருக்கும்போதே பின்கதவைத் திறந்து யாரோ உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பேச்சு. டெல்மர் இழுப்பறையைத் திறந்து ரிவால்வரைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார். அதைப் பெருமையாக மகளிடம் தொலைபேசியில் சொன்னதுதான் அவர் செய்த தப்பு.

மகள் கார்லா டல்சாவில் ஒரு மருத்துவமனையில், குழந்தைகளுக்கான அவசரப் பிரிவில் நர்ஸ். அவளுக்கு ஐந்து வயதில் ஓபல் என்று ஒரு பெண். எந்த மூடியைக் கண்டாலும் திறந்து பார்த்தே ஆக வேண்டும் அந்தப் பிள்ளைக்கு.

"அது இன்னமும் அந்த இழுப்பறையிலயா இருக்கு?" என்று கார்லா கேட்டாள்.

வேறு எங்கே இருக்கும் என்றார் டெல்மர். ஆபத்து என்று வந்தால் கைக்கு எட்ட வேண்டாமா, பூட்டி வைத்தால் அது துப்பாக்கியா, காகிதம் பறக்காமல் வைக்கிற பாரமா என்றும் கேட்டார்.

"அப்பா, எங்க வார்டுக்குக் குண்டு பட்ட பிள்ளையோட வர்ற எல்லா அப்பா அம்மாவும் பிள்ளைக்குத் துப்பாக்கி இருக்கற எடம் தெரியாதுன்னுதான் சொல்றாங்க. ஒருத்தர்கூட வேற மாதிரி சொன்னதில்ல." கார்லா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க அத வச்சுக்க வேணாம்னு நான் சொல்லல. பூட்டி வைங்க. அது வரைக்கும் நாங்க வரல."

டெல்மர் தொலைபேசியை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் உட்கார்ந்தார். பேத்தியைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. திருடனுக்குப் பயப்படாமலும் இருக்க முடியாது. மனைவி ஓலீட்டா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே, இதிலென்ன யோசனை, திருடன் வந்தால் என்னிடம் விடு, நான் என் அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தானே ஓடிவிடுவான் என்றாள்.

முதலில் அவர் துப்பாக்கியைத் துணி அலமாரியின் மேல்தட்டில் தொப்பிப் பெட்டிக்குள் வைத்தார். ஓபல் நாற்காலி போட்டு ஏறுவாள் என்று ஓலீட்டா சொன்னாள். அதற்கு மேல் இன்னொரு நாற்காலியும் போடுவாள் என்றாள். அடுத்து, துப்பாக்கியைப் படுக்கையறையிலும் தோட்டாக்களைக் கார் கொட்டகையில் ஒரு பழைய காப்பித்தூள் டப்பாவிலுமாகப் பிரித்து வைத்தார். இது பாதுகாப்புத்தான். ஆனால் அவசரத்துக்கு உதவுமா என்று பார்க்க ஒரு சனிக்கிழமை காலையில் ஒத்திகை வைத்தார்கள். ஓலீட்டா அடுக்களையில் நின்று, "நான் வந்துட்டேன், வெள்ளிக் கரண்டியெல்லாம் எடுக்கறேன்" என்று நிதானமாக அறிவித்தாள். டெல்மர் கொட்டகைக்கு ஓடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மூச்சு வாங்கியபடி திறந்தால் உள்ளே முழுக்க ஆணிகள். ஒரே மாதிரியான டப்பாக்கள் கொட்டகையில் வரிசையாக இருந்ததை அவர் மறந்துவிட்டார்.

"என்னைச் சுட வேணாம். ஆணியடிச்சுச் சுவத்துல மாட்டி வச்சிரு, போதும்" என்றாள் ஓலீட்டா.

கடைசியில் இரும்புக்கடையில் ஒரு புதுமாதிரிப் பெட்டி வாங்கினார். கனமான எஃகு. உள்ளே ஒரு கைத்துப்பாக்கிக்கு மட்டும் இடம். மேலே ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு, அதில் ஒருமுறை பதிந்து வைத்த விரலை வைத்தால் கைரேகையைப் படித்துக்கொண்டு மூடி தானாகத் திறக்கும். வேறு யார் விரல் பட்டாலும் திறக்காது. கடைக்காரர் தன் விரலை வைத்துக் காட்டினார், சடக்கென்று திறந்தது. அதைப் பார்த்தபோது டெல்மருக்குத் தன் கவலையெல்லாம் அந்தச் சடக்கோடு தீர்ந்துவிட்டதாகவே பட்டது.

படுக்கையை ஒட்டிய மேசைமேல் வைக்க ஓலீட்டா சம்மதிக்கவில்லை. அங்கே அவளுடைய விளக்கு இருந்தது. அதனால் மேசைக்குக் கீழ்த்தட்டில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், மரை போட்டு இறுக்கினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து குனிந்து ஆள்காட்டி விரலை வைத்தார். பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டி ஒரு முணுமுணுப்பு முணுமுணுத்தது. வேறு விரல், சிவப்பு. இடது கை, சிவப்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்தார். பெட்டி அசைந்து கொடுக்கவில்லை.

வாழ்நாள் முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்பும் சிமெண்டும் தேய்த்த விரல்கள். அவற்றில் ரேகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோது அவருக்கே தெரிந்தது. பத்து விரலும் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்றிருந்தன.

ஓலீட்டா வந்து ஒரு விரலை நீட்டினாள். பெட்டி அதை உடனே பதிந்துகொண்டது. மறுபடி வைத்தாள், சடக். மூடிவிட்டு மறுபடி வைத்தாள், சடக். இதை அவள் தேவைக்கு அதிகமாகவே செய்தாள்.

"திருடன் வந்தா என்னை எழுப்பு. ஒரு விரல் கடன் தர்றேன்."

அவள் தூங்கினால் சூறாவளிச் சங்கு ஊதினாலும் எழமாட்டாள். போன வருஷம் ஊரே பதுங்கறைக்குப் போன நாளில் அவளை மெத்தையோடு இழுத்துக்கொண்டு போனவர் டெல்மர். அதோடு, தன் வீட்டைக் காக்க மனைவியின் விரலைப் பிடித்துக்கொண்டு போய் வைக்க வேண்டியிருப்பதை அவரால் ஏற்கமுடியவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை. கடைக்காரரிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், அது மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

அன்று குளித்துவிட்டு ஈரக்காலோடு தரையில் நடந்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. தரையில் பதிந்திருந்த தன் கால்தடத்தைப் பார்த்தார். பூட்ஸுக்குள்ளேயே காலத்தைக் கழித்த கால். கட்டைவிரலில் ரேகை பிறந்த குழந்தைக்கு இருப்பதுபோல் அழகாகச் சுழிந்திருந்தது. படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து, கட்டிலில் முதுகைச் சாய்த்து, வலது காலை உயர்த்திக் கட்டைவிரலைக் கண்ணாடிச் சில்லில் அழுத்திப் பதித்துவிட்டு, மறுபடி வைத்தார்.

பச்சை விளக்கு. சடக்.

கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓலீட்டாவுக்குச் சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிவிட்டது. திருடன் வந்தா கொஞ்சம் பொறுங்க, காலுறை கழட்டிட்டு வர்றேன்னு சொல்லுவியா என்று கேட்டாள். டெல்மர், படுத்திருக்கும்போது யாரும் காலுறை போடுவதில்லை, இது மிகச் சரியான ஏற்பாடு என்று பதில் சொன்னார். தினமும் சாப்பாட்டுக்கு முன் பழகவும் ஆரம்பித்தார். இரண்டு வாரத்தில் இடுப்பில் ஒரு பிடிப்பு வந்ததே தவிர, வேகம் கூடியதென்னவோ உண்மை. கார்லாவிடம், பூட்டுப் போட்டாகிவிட்டது, என்னைத் தவிர யாராலும் திறக்க முடியாது என்று சொன்னார். ஓலீட்டாவின் விரலைச் சொல்லவில்லை. தன் கால்விரலையும் சொல்லவில்லை.

கார்லா சனிக்கிழமை வருவதாக இருந்தாள். ஆனால் வேலை மாற்றம் ஏதோ ஆகி, புதன்கிழமையே லீவு கிடைத்துவிட்டது. சொல்லாமல் போய் ஆச்சரியப்படுத்தலாம் என்று ஓபலை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். புதன்கிழமைகளில் ஓலீட்டா பக்கத்து ஊரில் அக்கா வீட்டுக்குப் போவாள் என்பது கார்லாவுக்கு மறந்துபோயிற்று.

மதியம் டெல்மர் சாப்பிட்டுவிட்டு பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்திருந்தார். மேற்கிலிருந்து காற்று வீட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கார் வந்து நின்ற சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. பின்கதவு திறந்த சத்தம்தான் கேட்டது. பிறகு அடுக்களையில் ஓர் அலமாரிக் கதவு திறந்து மூடியது. பிறகு இன்னொன்று.

ஓலீட்டா மாலைக்கு முன் வரமாட்டாள். யாரென்று கத்திக் கேட்க வேண்டும் என்று டெல்மருக்குத் தோன்றவே இல்லை. பெட்டி ஒன்றுதான் தோன்றியது. சத்தமில்லாமல் தரையில் இறங்கி பூட்ஸ் கயிற்றை இழுத்தார். முடிச்சு விழுந்து இறுகிவிட்டது. பல்லால் கடித்து அவிழ்க்கலாம் என்று குனிந்து பார்த்தார், வயிறு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் மற்ற காலால் மிதித்துப் பிடித்து உருவியபோது பூட்ஸ் தனியாகவும் அவர் தனியாகவும் போய் விழுந்தார்கள். காலுறையை உருவி எறிந்து காலைத் தூக்கினார்.

சிவப்பு. கால் வியர்த்திருந்தது. ஓலீட்டாவின் தையல் போர்வையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். சிவப்பு. அடுத்த முறை அவசரத்தில் கட்டைவிரலுக்குப் பதில் பக்கத்து விரலை வைத்துவிட்டார். சிவப்பு. தப்பான ஆள் திறக்கப் பார்க்கிறான் என்று பெட்டி முடிவு கட்டி, தன்னைத்தானே முழுசாகப் பூட்டிக்கொண்டு கீச்சுக்குரலில் அலற ஆரம்பித்தது. அதைக் கேட்டு அதிர்ந்ததில் டெல்மரின் இடுப்பு அப்படியே பிடித்துக்கொண்டது. கால் மேலே, உடம்பு கீழே. நகர முடியவில்லை.

நடையில் காலடிச் சத்தம் வந்தது. கைக்கு எட்டியது பூட்ஸ் ஒன்றுதான். அதைத் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு காத்திருந்தார்.

கதவு மெல்லத் திறந்தது. ஓபல் நின்றாள். ஒரு கையில் ஊறவைத்த வெள்ளரிக்காய், பாதி கடித்தது.

"தாத்தா, அந்தப் பொட்டி ஏன் உன் காலைப் பார்த்துக் கத்துது?"

டெல்மர் பூட்ஸைக் கீழே வைத்தார். அதற்குள் கார்லாவும் வந்துவிட்டாள். அப்பா தரையில் கிடந்ததைப் பார்த்து முதலில் மாரடைப்பு என்றே நினைத்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள், கண் இமையை விலக்கிப் பார்த்தாள், சிரிக்கச் சொன்னாள், இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். காலை மட்டும் தூக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடுப்பை மெல்லத் திருப்பி அவரை உட்கார வைத்த பிறகுதான் விஷயத்தைக் கேட்டாள். டெல்மர் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். கைரேகை தேய்ந்தது, ஈரத்தரை, கால் கட்டைவிரல், தினசரிப் பயிற்சி. கார்லா கேட்டுக்கொண்டே வந்தவள் பாதியில் தாங்க முடியாமல் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். என்ன ஏது என்று தெரியாமல் ஓபலும் சிரித்தாள். டெல்மரும் கொஞ்சம் சிரித்தார்.

ஆனால் ஓபல் இன்னமும் கதவு நிலையில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய தலை கதவுக் குமிழுக்குச் சற்று மேலே இருந்தது. டெல்மர் அந்தக் குமிழையே பார்த்தார். போன மாதம் வரை ரிவால்வர் இழுப்பறையில் தோட்டாவோடு கிடந்ததை நினைத்தார். இதே சத்தம் அப்போது கேட்டிருந்தால், கதவு திறந்ததும் தன் கை எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று நினைத்தார். அவருக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

"நான் யாருன்னு கேக்கல, கார்லா. ஒரு வார்த்த கேக்கல" என்றார்.

கார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் உட்கார வைத்தாள். ஓபல் மிச்ச வெள்ளரிக்காயை அவருக்குக் கொடுத்தாள். அவர் தின்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஓலீட்டா சோளரொட்டியும் பீன்ஸும் வைத்தாள். டெல்மர் ரொட்டியைத் தொடவே இல்லை. ஓலீட்டா கதையை முழுக்கக் கேட்டுவிட்டுக் கேலி செய்ய வாயைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டில் வெண்ணெய் மட்டும் வைத்துவிட்டுப் போனாள். ஓலீட்டா கேலியை விழுங்கியது அந்த வீட்டில் அதுவரை நடக்காத ஒன்று.

அடுத்த சனிக்கிழமை கார்லா ஊருக்குத் திரும்பிய பிறகு, டெல்மர் தேவாலயத்தின் நிலவறையில் நடக்கும் வகுப்புக்குப் போனார். ஷெரீப் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெர்னீஸ் வாலர் அங்கே துப்பாக்கிப் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, நரைத்த பின்னல் போட்ட பெண்மணி. யாரையும் திட்டமாட்டார், ஆனால் அவர் ஒருவரைப் பேசாமல் பார்த்தாலே போதும், அந்த ஆள் உண்மையைச் சொல்லிவிடுவார். முதல் வேலையாக, உங்கள் துப்பாக்கி இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

டெல்மர் தன் கால்விரல் கதையை எப்படி மறைப்பது என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தார். மற்றவர்கள் பேசப் பேச அந்தக் கவலை போய்விட்டது. ஒருவர் குளிர்பெட்டியில் பட்டாணிப் பைக்கு அடியில் வைத்திருந்தார், இப்போது அது பனியில் பட்டாணியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு மூதாட்டி தன்னுடையதை மிகவும் பத்திரமாக வைத்திருந்தாராம், எங்கே என்பதுதான் பல வருஷமாக ஞாபகத்துக்கு வரவில்லை. போஸ்ட்மாஸ்டர் பியானோவுக்குள் ஒளித்து வைத்திருந்தார், அன்றிலிருந்து வீட்டில் யார் வாசித்தாலும் ஒரு சுரம் மட்டும் ஒலிப்பதில்லை. தன் முறை வந்தபோது டெல்மர் எழுந்து நின்று நடந்தது நடந்தபடி சொன்னார். சிரிப்பில் நிலவறை அதிர்ந்தது. கதவு நிலையில் ஓபல் நின்றதையும் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"வாயத் தொறந்து கேளுங்க. அதுதான் மொதல் ஆயுதம்" என்றார் பெர்னீஸ். "யாருன்னு தெரியாம எதையும் கையில எடுக்காதீங்க. உங்க வீட்டுக்குள்ள வர்றது பெரும்பாலும் உங்க வீட்டு ஆளுங்கதான்."

மற்றதெல்லாம் சாதாரண விஷயங்கள். பூட்டிய அறைக்குள் எல்லோரும் ஒன்றாக இருந்துகொண்டு போலீசைக் கூப்பிடுவது. துப்பாக்கி எப்போதும் பூட்டுக்குள், பூட்டின் ரகசியம் பெரியவர்களுக்கு மட்டும். யாரையும் குறிவைக்காமல், விசையில் விரல் படாமல் எடுப்பது. தோட்டா இல்லாமல் பழகுவது. டெல்மருக்கு அவர் வேறொரு பெட்டியைக் காட்டினார். மின்சாரமும் இல்லை, ரேகையும் இல்லை. வெறும் பொத்தான்கள், சரியான வரிசையில் அழுத்தினால் திறக்கும், இருட்டில் தடவியே அழுத்தலாம். தேய்ந்த விரலைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பிறந்தநாளை வரிசையாக வைத்துவிடாதீர்கள், பேத்தி அதைத்தான் முதலில் முயற்சி செய்வாள் என்றார்.

புதுப் பெட்டியைத் தட்டோடு சேர்த்து முடுக்கிவிட்டு, டெல்மர் கார்லாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லி, அதன் படத்தையும் அனுப்பினார். அடுத்த முறை வந்தபோது அவள் கைப்பையைக்கூட வைக்காமல் நேராகப் படுக்கையறைக்குப் போய் மூடியை இழுத்துப் பார்த்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விலகி நின்று வழிவிட்டார்.

ஆனால் பெர்னீஸ் சொன்னதில் ஒன்றை மட்டும் அவர் அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டார். வீட்டில் எந்தக் கதவு அசைந்தாலும், "யாரது, பேரச் சொல்லு" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போடுவார். ஓலீட்டா குளியலறையிலிருந்து வந்தால்கூட விடமாட்டார். அவள் ஒரு நாள் ஆளுநர் என்பாள், ஒரு நாள் வரி வசூலிக்க வந்தவன் என்பாள், ஒரு நாள் உன் மொதல் பொண்டாட்டி என்பாள். அவருக்கு முதல் மனைவி என்று ஒருத்தி கிடையாது.

நன்றிநாள் விருந்துக்கு ஊர்ப் பாதிரியாரையும் அழைத்திருந்தார்கள். மிகவும் கூச்சமுள்ள இளைஞர், ஊருக்குப் புதிது, பாஸ்டர் ஹேல் என்பதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வான்கோழியை வெட்டப்போகிற நேரத்தில், முன்வாசலில் யாரும் இல்லை என்று அவர் தயங்கித் தயங்கிப் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தார். டெல்மர் கத்தியும் முள்கரண்டியுமாகத் திரும்பி, "யாரது, பேரச் சொல்லு" என்றார், சன்னல் கண்ணாடி அதிர.

"தியோடர் வேலண்டைன் பெட்டூனியா ஹேல், ஐயா" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

ஓபல்தான் முதலில், "பெட்டூனியாவா?" என்று கேட்டாள். பாதிரியார் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி வாசலில் வந்து நின்று, அது தன் அம்மாவுக்கு மிகவும் பிடித்த பூ என்றார்.